சிவப்புக் கோடு

விலைச்சீட்டு அச்சடிப்பது என் வேலை.
சிம் லிம் சதுக்கம், மூன்றாம் மாடி,
இரண்டு பேர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் பின்வாங்க வேண்டிய கடை.
ஏழு என்று தட்டினால் ஏழு.
ஆறு என்று தட்டினால் ஆறு.
சின்ன இயந்திரம் நாக்கை நீட்டும்,
கிழித்து ஒட்டுவேன்.

புது விளையாட்டுப் பெட்டி வந்தபோது
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
எழுநூறு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.
மிச்சமான அந்த ஒரு வெள்ளியின் மகிழ்ச்சியில்
கீழே போய் ஏழு வெள்ளிக்குக் குமிழித் தேநீர் குடிப்பார்கள்.
அதுவும் வாங்கியவர்கள்.
வாங்காதவர்களே அதிகம்.

ஆரோக்கியதாஸ் வாங்காதவர்.
மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
ஞாயிறு மாலை நாலரைக்கு
சட்டையில் மசகு மணக்க வந்து நிற்பார்.
பெட்டியைப் பார்க்க மாட்டார், சீட்டைப் பார்ப்பார்.
மேலே போனது கீழே வந்தே தீரும் என்பது
அவருடைய தொழில் நம்பிக்கை.
"அடுத்த மாசம் குறையுமா?"
"தெரியாதுண்ணே."
தெரிந்த வாரங்களிலும் அதையே சொன்னேன்.

ஏப்ரலில் ஐம்பது இறக்கினோம்.
கூட்டம் நெரியும் என்று முதலாளி கோ
நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டார்.
வந்தவர்கள் மூன்று பேர்.
மூவருக்கும் ஒரே கேள்வி:
இப்பவே ஐம்பதென்றால் டிசம்பரில் எவ்வளவு?
இறங்கத் தொடங்கிய விலையின் மேல்
யாரும் கால் வைப்பதில்லை.

கோ என்றால் தமிழில் அரசன் என்று
ஆள் வராத ஒரு மதியம் சொன்னேன்.
அரசனுக்குக் கடை வாடகை கிடையாதே என்றார்.
இன்னொரு மதியம்,
யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவானா
என்ற பழமொழியை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.
சிரிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்தார்.
ஒரு பெட்டியில் அவருக்குப் பதினெட்டு வெள்ளி.
ஒரு கைப்பிடியில் முப்பத்தொன்று.
"உங்க யானையில ஒண்ணுமில்ல,
அங்குசத்துலதான் கடை ஓடுது."

ஆகஸ்ட் கடைசியில் விநியோகஸ்தரின் கடிதம்.
சில்லு, கப்பல் கூலி, நாணய மாற்று;
ஒன்றாம் தேதியிலிருந்து எண்பது ஏறும்.
அன்றைக்கே வரிசை நகரும் படிக்கட்டுவரை போனது.
ஏப்ரலில் உதட்டைப் பிதுக்கிய அதே மூவர்
அதே அறுநூற்று நாற்பத்தொன்பதைக்
கொள்ளையடித்ததுபோலத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
ஆரோக்கியதாஸ் புதன்கிழமை வந்தார்,
ஞாயிறு தவிர அவரைக் கண்டதேயில்லை,
தலைக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லை.
கடைசிக்கு முந்தின பெட்டி.
பன்னிரண்டு மாதத் தவணை.

பிறகு எழுநூற்று இருபத்தொன்பது.
செப்டம்பர் முழுக்கத் தூசு தட்டினேன்.
அக்டோபரிலும்.

நவம்பரில் கோ சொன்னார்:
பழைய சீட்டைக் கிழிக்காதே,
குறுக்கே கோடு போடு,
கீழே அறுநூற்று நாற்பத்தொன்பது அடி.
சிவப்புப் பேனாவில் மை தீர்ந்திருந்தது.
பக்கத்துக் கடை ஃபரீதாவிடம் கடன் வாங்கி,
ஸ்கேல் இல்லாமல், கொஞ்சம் சாய்வாக ஒரு கோடு.
அன்று மட்டும் பத்தொன்பது பெட்டி.
மூன்று மாதம் எவரும் தொடாத அந்த எண்ணை
உயர்த்தி, உயர்த்தியதை அடித்து,
இருந்த இடத்திலேயே நாங்கள் வைத்தோம்.
வித்தியாசம் என் கைநடுக்கம்தான்.

அடுத்த ஞாயிறு, நாலரை.
பழக்கம் விடவில்லைபோல.
சீட்டின் முன் நின்றார்.
மேல் எண், கோடு, கீழ் எண்.
"நான் வாங்கினதும் இதே விலைதானே?"
"ஆமாண்ணே."
"அப்ப எனக்கு லாபமா, நட்டமா?"

இதற்குத் தெரியாது என்று சொல்ல
வாய் வரவில்லை. வேறெதுவும் வரவில்லை.
அவரே கையை ஆட்டி அதை விட்டார்.
வீட்டில் பையன் இரண்டு பேர், கைப்பிடி ஒன்று,
தினம் ரகளையாம்.
"இன்னொண்ணு குடும்மா."
"நூற்றொன்பது, அண்ணே."
சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல்
அட்டையைத் தட்டினார்.